செங்கலடி–பதுளை வீதி: ஓர் இலக்கம், பல காலங்கள்

பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கம்பளை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, பதியத்தலாவை, மகா ஓயா என்று இறங்கி வந்து செங்கலடிச் சந்தியில் முடிகிறது. அங்கே குறுக்கே ஓடுவது மட்டக்களப்பு–திருகோணமலை வீதியான ஏ15. 1,800 மீற்றருக்கு மேல் ஏறிய வீதி, கடைசியில் கடல்மட்டத்தை ஒட்டிய வயல்வெளிக்கு வந்துவிடுகிறது. அகலம், வளைவு, மதகு, ஓரக்கட்டு எதுவும் வழி நெடுக ஒன்றுபோல் இல்லை. நில அமைப்பு அதற்கு ஒரு காரணம். ஆனால் வீதியின் ஒவ்வொரு துண்டும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு தேவைக்காக உருவானது என்பதே முதன்மையான காரணம் என இக்கட்டுரை கருதுகிறது.

கிழக்கில் இதற்குப் பதுளை வீதி என்றுதான் பெயர். அது செங்கலடியில் வந்து சேர்வதற்கு மட்டக்களப்பு வாவியே காரணம். கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரித்தபடி அந்த வாவி தெற்கே கல்முனைப் பக்கம் வரை நீள்கிறது. நடுப்பகுதியில் அதைக் கடப்பது இலேசான காரியமாக இருந்ததில்லை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கும்வரை சனம் ‘பாதை’ எனப்படும் மிதவையில்தான் அக்கரைக்குப் போய்வந்தது. வாவியின் வடதலைப்பில் அந்தச் சிக்கல் குறைவு. ஒரு சிறு பாலத்தோடு படுவான்கரைக்குள் இறங்கிவிடலாம். ஏறாவூரின் சந்தையும் மட்டக்களப்பு நகரும் பக்கத்திலேயே இருக்க, உள்நாட்டு வீதி கரையோர வீதியைத் தொடுவதற்குச் செங்கலடியைவிடத் தோதான இடம் வேறில்லை. ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகம் இன்று செங்கலடியில் இருப்பதும் இந்தச் சந்தியின் பலனே.

கரையிலிருந்து மலைக்கு ஏறும் திசை ஆங்கிலேயர் கண்டுபிடித்ததல்ல. ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பர்கன் 1602 மே இறுதியில் மட்டக்களப்பில் இறங்கி, இன்றைய மகியங்கனை அமைந்துள்ள பிந்தன்னை வழியாகக் கண்டிக்குப் போய் மன்னன் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். கரையோர உப்பும் கருவாடும் பொதிமாடுகளில் மலைநாட்டுக்கு ஏறிய காலம் அது. இன்றும் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் போகும் பேருந்துகள் பதியத்தலாவையில் ஏ5ஐ விட்டுப் பிரிந்து, ஏ26இல் மகியங்கனைக்குத் திரும்புகின்றன. ஆகவே செங்கலடி–பதியத்தலாவைப் பகுதியைப் பழைய கண்டிப் பாதையின் கீழ்த்தொடர்ச்சி என்றே கொள்ளலாம். பதுளை அதனோடு பின்னால் ஒட்டவைக்கப்பட்ட ஊர்.

ஒட்டவைத்தது பிரித்தானிய ஆட்சி. 1817–18இல் ஊவா–வெல்லசையில் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கிய பின், உள்நாட்டுக்குள் படை நகர வீதி வேண்டியிருந்தது. எட்வர்ட் பார்ன்ஸ் ஆளுநராக இருந்த காலத்தில் (1824–31) வீதி அமைப்பு அரசின் முதன்மை வேலையானது. படைக்குப் பின்னால் கோப்பி வந்தது, கோப்பி அழிந்தபின் தேயிலை வந்தது. மலைப்பகுதி வீதிகளின் வடிவத்தை வகுத்தவை தோட்டங்கள்தாம். சரிவைக் குடைந்து, ஒரு பக்கம் மண்சுவரும் மறுபக்கம் பள்ளமுமாக, வண்டில் மாடு மூச்சு வாங்காத சாய்வில் வளைந்து வளைந்து போகும் ஒடுங்கிய தடம் அது. அந்த வேலையில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு கலந்திருக்கிறது. வீதியின் கட்டைகள் பேராதனையிலிருந்து எண்ணப்படுவதையும் கவனிக்க வேண்டும். வாவிக்கரையின் கண்ணுக்குத் தொடக்கமாகத் தெரியும் செங்கலடி, கணக்கில் கடைசி.

1924இல் பதுளைக்கும் 1928இல் மட்டக்களப்புக்கும் ரயில் வந்தது. இரு முனைகளும் தனித்தனியே கொழும்போடு இணைந்துவிட்டதால், அவற்றுக்கு இடைப்பட்ட வீதியின் தேவை தளர்ந்தது என்பது என் கணிப்பு.

சமதரைப் பகுதியின் கதை வேறு. செங்கலடியைத் தாண்டினால் கறுத்தப் பாலம், பிறகு கொடுவாமடு, இலுப்படிச்சேனை, கரடியனாறு, உறுகாமம், பெரியபுல்லுமலை. இங்கே வீதி நேராக ஓடுகிறது. அதற்குத் தடை பாறையல்ல, தண்ணீர். மார்கழி, தை மாதங்களில் வயலும் குளமும் நிரம்பி வழியும்போது வீதி அணைக்கட்டாகிவிடும். எனவே மலையில் அகலம் எப்படியோ, இங்கே மதகு அப்படி. வீதியை உயர்த்திவிட்டு மதகைக் குறைத்தால் ஒரு பக்கத்து வேளாண்மை மூழ்கும்.

இந்தப் பகுதியை அதிகம் மாற்றியது போர். பல ஆண்டுகள் கறுத்தப் பாலம் எல்லையாக இருந்தது. இப்பக்கம் இராணுவக் கட்டுப்பாடு, அப்பக்கம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாடு. நாட்டின் மிக நீண்ட வீதிகளில் ஒன்று, தன் முடிவுக்குச் சற்று முன்னால் சோதனைச் சாவடியில் அறுந்து கிடந்தது. அந்நாட்களில் செங்கலடிச் சந்தி நடைமுறையில் முச்சந்தியே அல்ல. 2007 யூலையில் புலிகள் வசமிருந்த தொப்பிகலை வீழ்ந்து கிழக்கு முழுவதும் அரசின் கைக்கு வந்த பிறகே வீதி மீண்டும் ஒரே தொடரானது.

மீளமைப்பும் விலை கேட்டது. 2010 செப்டெம்பர் 17 அன்று, வீதி வேலைக்கெனக் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வைத்திருந்த வெடிபொருட்கள் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சீன நிறுவனமொன்றின் ஊழியரும் அவர்களுள் அடங்குவர். போர் முடிந்து ஓராண்டுக்குப் பின், பாறை உடைக்க வந்த மருந்தால் நேர்ந்த சாவு அது. வீதி பற்றிய அபிவிருத்திப் பேச்சில் இந்த நாள் உரிய இடம் பெறுவதில்லை. பிற்பட்ட வேலைகளுக்குச் சவூதி அபிவிருத்தி நிதியமும் ஒபெக் நிதியமும் கடன் தந்தன. காபட் இடப்பட்டது, வளைவுகள் திருத்தப்பட்டன.

ஒரே திட்டம், ஒரே அளவுகோல். ஆனால் நிலம் ஒன்றல்ல. சமதரையில் வீதியை அகலிக்க இரு மருங்கிலும் மண் நிரப்பினால் போதும். லுணுகலை, பசறைப் பக்கம் மலையை வெட்டியாக வேண்டும், வெட்டிய மலை சரியும். 2021 மார்ச் 20 அன்று பசறை 13ஆம் கட்டை எனப்படும் இடத்தில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பேருந்து பள்ளத்தில் விழுந்தது. பதினான்கு பேருக்குக் குறையாதோர் மாண்டனர். மேட்டிலிருந்து விழுந்த பாறையொன்று அவ்விடத்தில் வீதியின் ஒரு பகுதியை அடைத்தபடி அகற்றப்படாமல் கிடந்தது. எதிரே வந்த வாகனத்துக்கு இடம்விடப் பேருந்துக்கு மிஞ்சியது பள்ளத்து ஓரம் மட்டுமே.