பாய்லர் வெல்டிங்கும் பாப்பாவின் பாதமும்

புனேவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. பொழப்பு, பாய்லர் வெல்டிங்கை அல்ட்ராசவுண்டு வச்சு சோதிக்கறது. இரும்பு மேல பசை தடவி ப்ரோபை ஓட்டினா, உள்ளே விரிசல் இருந்தா எதிரொலி திரும்பி வரும். 2015-ல் தங்கமணிக்கு முதல் ஸ்கேன் எடுத்தப்போ, டாக்டரும் வயித்துல ஜெல் தடவினார். அட, நம்ம வேலை! ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான். கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன்.

1955. கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்ட், ஆபரேஷன்ல எடுத்த கட்டிகளைத் தூக்கிக்கிட்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் கம்பெனிக்குப் போனார். விரிசல் பார்க்கிற கருவியை அதுமேல வச்சா, நீர்க்கட்டிக்கு ஒரு எதிரொலி, சதைக்கட்டிக்கு வேற எதிரொலி! டாக்டர் ஜான் மெக்விகர், இன்ஜினியர் டாம் பிரவுன் ரெண்டு பேரோடும் சேர்ந்து 1958-ல் லான்செட்ல கட்டுரை எழுதினார்.

அதே காலத்துல, 1957-ல், மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு மாத்திரை விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும் மசக்கைக்கும் சாப்பிட்டாங்க. கைகால் முளைக்கிற நாள்களைப் பார்த்து அது கெடுத்தது. 1961 நவம்பர்ல அங்கே நிறுத்தறதுக்குள்ள, உலகம் முழுக்க பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டாங்க. எந்தத் தாய்க்கும் பிரசவத்துக்கு முன்னாடி தெரியலை. அன்னிக்கு ஸ்கேன், அசையற கைகாலைப் பார்க்கிற அளவுக்கு வளரலை.

பிறகு அசைவை அப்படியே காட்டற கருவிகள் வந்தது. 1980-களில் பிறப்புறுப்பு வழியா வைக்கிற ப்ரோப், இன்னும் சின்னக் கருவையும் தெளிவாக் காட்டியது. இப்போ 11-லிருந்து 14 வாரத்துக்குள்ளேயே ரெண்டு கை, ரெண்டு கால், ஒவ்வொண்ணிலும் மூணு பகுதி இருக்கான்னு பார்த்துடறாங்க. ஆனா எல்லாமே அப்போ தெரியாது. வளைபாதம் பெரும்பாலும் 18, 20 வாரத்துலதான் தெரியும். சில எலும்புக் குறைகள் அதுக்கும் பிந்தித்தான் தெரியும்.

எங்களுக்கும் அப்படித்தான். 12 வாரத்துல எல்லாம் சரி. 19-ஆம் வாரம் டாக்டர் ஒரே இடத்துல ப்ரோபை நிறுத்தினார். அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும்ங்க, நானும் விரிசல் தெரிஞ்சா அப்படித்தான் நிறுத்துவேன். வலது பாதம் உள்பக்கமா திரும்பியிருந்தது.

அன்னிக்குச் சட்டப்படி கருக்கலைப்புக்கு 20 வாரம்தான் எல்லை (2021-ல்தான் சிலருக்கு 24 ஆக்கினாங்க. பெரிய குறைன்னா மருத்துவக் குழு அனுமதியோட அதுக்கு மேலயும் செய்யலாம்). கையில ஒரு வாரம். ஊர்லேர்ந்து எங்க அத்தை போன்ல, "கிரகணத்தப்போ வெளிய போனாளா?"ன்னு கேட்டாங்க. தங்கமணி ராத்திரி பூரா அழுதா.

டாக்டர்தான் பொறுமையா சொன்னார். ஆயிரத்துல ஒரு குழந்தைக்கு இது வரும், கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, வேற குறை எதுவும் தெரியலை. அமெரிக்காவில் அயோவாவில் இருந்த பொன்செட்டி கொண்டுவந்த முறை இருக்கு: வாரா வாரம் மாவுக்கட்டு மாத்தி பாதத்தை நேராக்கி, பிறகு ராத்திரி தூங்கறப்போ போட்டுக்கற பூட்ஸ், நாலு வயசு வரைக்கும்.

பொண்ணு பிறந்தா. ஆறு கட்டு போட்டோம். ஸ்போர்ட்ஸ் டே-யில் ஓடினா, கடைசிக்கு முந்தின இடம்!

வெல்டிங்ல குறை தெரிஞ்சா உடனே 'ரிஜெக்ட்' போட மாட்டோம். எங்கே, எவ்வளவு, சரிபண்ண முடியுமான்னு கேட்போம். சில வீட்டுக்கு அந்தப் பதில் ரொம்பக் கஷ்டமா வரும், அவங்க முடிவை நாம எடை போட வேணாம். ஆனா கேள்வியை டாக்டர்கிட்ட கேளுங்க மக்கா, போன்ல அத்தைகிட்ட இல்லை.