ஓசூர், கிருஷ்ணகிரிக் கல்லூரிகளும் நிகழ்நேர இணையவழிக் கற்பித்தலும்

வெவ்வேறு இடங்களில் இருப்போர் ஒரே ஆவணத்திலோ திரையிலோ ஒரே சமயத்தில் பணியாற்ற உதவும் மென்பொருள்களை நிகழ்நேரக் கூட்டுப்பணிக் கருவிகள் என்கிறோம். அமெரிக்கரான டக்ளஸ் எங்கல்பார்ட் இதன் முன்னோடி வடிவத்தை 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் செய்து காட்டினார். ஒரே வரியில் இருவர் ஒரே நொடியில் திருத்தினால் யாருடைய எழுத்து நிற்பது? ஒருவர் சேர்த்த எழுத்துகளைக் கணக்கிட்டு, மற்றவரின் திருத்தம் விழ வேண்டிய இடத்தை நகர்த்திக்கொள்ளும் முறையை எல்லிஸ், கிப்ஸ் ஆகியோர் 1989இல் வெளியிட்டனர். கூகுள் டாக்ஸ் இவ்வழியில் வந்ததே.

இந்தியாவில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று ஏவப்பட்டது. பின்னர் அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏ-வியூ மென்பொருளைக் கொண்டு, மும்பை ஐ.ஐ.டி. ஆயிரக்கணக்கான கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் பயிற்சி அளித்தது. ஆசிரியர்கள் பழகினார்கள், மாணவரின் வீடுவரை அது வரவில்லை.

எடுசாட் ஏவப்பட்ட அதே 2004இல்தான் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள். சற்றுத் தள்ளிப் போனால் தளி, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் என்று காடும் மலையும். இங்குள்ள கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தையும், பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தையும் சார்ந்தவை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வகுப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிக்கும் பிள்ளைகள் இங்கு ஏராளம்.

2020 மார்ச் 17 முதல் கல்லூரிகள் மூடப்பட்டன. ஜூம் செயலியின் இலவசக் கூட்டம் நாற்பது நிமிடத்தில் துண்டிக்கப்படும். கூகுள் மீட் அவ்வாண்டு மே மாதம் எல்லோருக்கும் இலவசமாயிற்று. ஆனால் சிக்கல் செயலியில் இல்லை. காட்டோர ஊர்களில் சிக்னல் மெலிந்திருந்தது. வீட்டுக்கு ஒரு போன். அப்பா காலை ஷிப்டுக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடும். அவர் திரும்பியபின் மகள் பார்ப்பது வாட்ஸ்அப்பில் வந்து கிடக்கும் குரல்பதிவும் பாடக்குறிப்பின் படமும்தான். நிகழ்நேரம் என்ற பெயரில் தொடங்கியது பல வீடுகளில் பழைய அஞ்சல்வழிக் கல்வியாகவே முடிந்தது. அதை யாரும் அப்படிச் சொல்லவில்லை, வருகைப்பதிவு மட்டும் நிகழ்நேரத்தில் நடந்தது.

அரசு 2021 ஜனவரியில் 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாள்தோறும் 2 ஜி.பி. இலவச டேட்டா அறிவித்தது. நல்ல திட்டம், ஆனால் கல்லூரிகளை மூடிப் பத்து மாதம் ஆனபின் வந்தது. இறுதியாண்டு மாணவர்கள் டிசம்பரிலேயே வகுப்புக்குத் திரும்பியிருந்தனர், மற்றவர்கள் பிப்ரவரி 8 முதல் திரும்பினர். தொற்று கூடியதால் மார்ச்சில் மறுபடியும் இணையவழி வகுப்பு. டேட்டா அட்டை போன் இல்லாத வீட்டுக்குப் பயன்படாது என்பதையும் சேர்த்தே இத்திட்டத்தை மதிப்பிட வேண்டும்.

பொறியியல் மாணவர் நிலை வேறு. லேத்தில் இரும்பைக் கடையும் சத்தத்தை வைத்தே வேகம் சரியா என்று கண்டுகொள்ளும் பயிற்சியைத் திரை தராது. ஆலைகள் சூழ்ந்த ஊரில் இந்த இழப்பு பெரிது என்பது என் கருத்து.

எனினும் பொது ஆவணத்தில் ஒன்றாக எழுதும் பழக்கத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. பாகலூரில் ஒருவரும் ஊத்தங்கரையில் ஒருவரும் ஒரே திட்ட அறிக்கையை எழுதலாம். யார் எந்த வரியை எழுதினார் என்பது திருத்த வரலாற்றில் தெரியும். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை அங்கே ஓரத்தில் ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்கிறது. கல்லூரிகள் 2021 செப்டம்பர் 1 அன்று மீண்டும் திறந்தபோது இந்தக் கருவிகள் ஒப்படைப்புகளை வாங்கவும் திருத்தவும் தொடர்ந்து பயன்பட்டன. பாடம் கரும்பலகைக்குத் திரும்பியது.