தாயமும் தெரிவும்: ஆட்ட வரலாற்றில் வகுத்த வழியும் ஆடுவோர் உரிமையும்

முன்னுரை

ஆட்டம் ஒவ்வொன்றும் இரு கூறுகளால் அமைவது. ஒன்று, ஆக்கியோர் முன்னரே வகுத்து வைத்த வழி. மற்றொன்று, அவ்வழியில் ஆடுவோர் தாமே தெரிந்து செய்யும் செயல். வழி முற்றிலும் வகுக்கப்பட்டுவிடின் ஆடுவோர் வெறும் பார்வையாளராவர்; வழியே இல்லையெனில் ஆட்டமே இல்லை. பாத்திரமேற்று ஆடும் கணினி ஆட்டங்களைப் பற்றிய விவாதங்களுள் இச்சிக்கலே தலையாயது. கதையை ஒரே நேர்கோட்டில் நடத்துவதா, ஆடுவோரை விருப்பம்போல் உலவ விடுவதா என்னும் வினா கணினியோடு பிறந்தது எனக் கருதுவோர் உளர். அக்கருத்து மறு ஆய்வுக்குரியது. தமிழர் இல்லங்களில் வழங்கிய ஆட்டங்கள் இவ்வினாவுக்குக் கணினிக்கு முன்பே பல விடைகள் கண்டுள்ளன என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சிந்தனைக்கு வித்திட்ட ஊர் புக்கிட் மெர்தாஜாம். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையின் பெரும்பகுதி 1800ஆம் ஆண்டில் கெடாவிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 19ஆம் நூற்றாண்டில் அங்குக் கரும்புத் தோட்டங்களும் பின்னர் இரப்பர்த் தோட்டங்களும் பெருகின. அவற்றில் உழைக்க வந்த தமிழர் தம் ஆட்டங்களையும் உடன் கொண்டுவந்தனர். அவற்றைச் சுமந்துவர மூட்டை வேண்டியதில்லை. தரையும் ஒரு கரித்துண்டும் சில புளியங்கொட்டைகளும் போதும். என் பாட்டியார் லயத்து வீட்டுச் சிமெண்டுத் தரையில் கட்டம் வரைந்து தாயம் ஆடியதைச் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்குப் பின் என் மாணவர் ஒருவர் கணினித் திரையில் உருளும் பகடையைக் காட்டியபோது அக்கரிக்கோடுகளே நினைவில் எழுந்தன.

தமிழரிடையே பலகை ஆட்டத்தின் தொன்மை ஐயத்திற்கிடமற்றது. முதியோர் வல்லாடிய பொதுவிடம் பாழ்பட்டுக் கிடக்கும் காட்சியைப் புறநானூற்றின் 52ஆம் பாட்டு காட்டுகிறது. கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடைகளும் கிடைத்துள்ளன. வள்ளுவர் 94ஆம் அதிகாரத்தில் சூதைக் கடிந்ததும், அது அக்காலச் சமூகத்தில் வேரூன்றியிருந்தமைக்குச் சான்றாகும்.

பரமபதம்: வகுத்த வழி

நேர்கோட்டு ஆட்டத்திற்குத் தூய எடுத்துக்காட்டு பரமபத சோபானப் படம். ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு காய். பகடை சொன்ன எண்ணிக்கைப்படி அது நகரும். ஏணியின் அடியில் நின்றால் ஏற்றம். பாம்பின் தலையில் நின்றால் இறக்கம். எந்தக் கட்டத்திலும் ஆடுவோர் செய்யத்தக்க தெரிவு எதுவுமில்லை. தேர்ந்த ஆட்டக்காரர், தொடக்கநிலை ஆட்டக்காரர் என்னும் வேறுபாடும் இவ்வாட்டத்திற்கு இல்லை.

அவ்வாறாயின் மக்கள் இதனை ஏன் விரும்பி ஆடினர்? வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருக்க இதனை ஆடும் வழக்கம் விடை தருகிறது. ஏணி ஒரு நற்பண்பு, பாம்பு ஒரு தீவினை, உச்சியில் பரமபதம். காய் இறங்கும்போதெல்லாம் அக்கட்டத்திற்குரிய கதையை மூத்தோர் சொல்வர். ஆடுவோருக்குக் கிட்டுவது வெற்றியன்று, ஒரு வாழ்க்கை விளக்கம். வழியை மாற்றும் உரிமை இல்லாதபோதும் வழியில் கண்டதைப் பேசும் உரிமை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டம் இங்கிலாந்து சென்று, காலப்போக்கில் சமயப் பொருளை இழந்து, எண்களும் பாம்புகளும் மட்டுமே எஞ்சிய சிறுவர் ஆட்டமாயிற்று. கதையை நீக்கிய நேர்கோடு எத்துணை வறியது என்பதற்கு அதுவே சான்று.

தாயம்: விதியும் தெரிவும்

தாயத்தில் நிலை வேறு. இரு நீள் கட்டைகளின் நான்கு பக்கங்களிலும் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும் இருக்கும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்றும் வெறுமையும் சேர்ந்தால் தாயம். அது விழாமல் காய் களம் இறங்காது. பதினாறு வாய்ப்புகளில் தாயத்திற்கு உரியவை இரண்டே. அதாவது எட்டு முறை உருட்டினால் சராசரியாக ஒருமுறை. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மீண்டும் உருட்டலாம். அதற்குரிய வாய்ப்புகள் பதினாறில் ஆறு.

எண்ணைத் தருவது கட்டை. எந்தக் காயை நகர்த்துவது என்பதை முடிவு செய்வது ஆடுபவர். எதிரியின் காயை வெட்டுவதா, தன் காயை மலையில் ஏற்றிக் காப்பதா, பழமாகும் நிலையிலுள்ள காயை முன்செலுத்துவதா என்னும் தெரிவு ஒவ்வோர் உருட்டலிலும் எழுகிறது. ஒரு காயையேனும் வெட்டினாலன்றி உட்சுற்றுக்குள் நுழைய இயலாது என்பது பல வீடுகளில் வழங்கும் விதி. ஆகவே ஒதுங்கிச் செல்வோருக்கும் பூசலைத் தவிர்க்க வழியில்லை. பாதை அனைவர்க்கும் ஒன்றே. கடக்கும் முறை ஒவ்வொருவர்க்கும் வேறு.

பல்லாங்குழியும் ஆடுபுலியும்

மறு எல்லையில் நிற்பவை பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும். இரண்டிலும் பகடையில்லை. பதினான்கு குழிகளில் எந்தக் குழியிலிருந்து முத்தை எடுப்பது என்பது முழுவதும் ஆடுபவர் தெரிவு. மலாயர் இல்லங்களின் சொங்காக் இதற்கு நெருங்கிய உறவு. அதில் இரு முனைகளிலும் களஞ்சியக் குழி இருப்பதும், முத்தை அதிலும் இட்டுச் செல்வதும் முக்கிய வேறுபாடுகள். ஆடுபுலியில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் இருபத்து மூன்று புள்ளிகளில் மோதுகின்றன. இரு தரப்புக்கும் ஆற்றல் வேறு, நோக்கமும் வேறு. புலிக்கு வெட்டும் உரிமை. ஆடுகளுக்குச் சேர்ந்து நிற்கும் உரிமை. ஆடுவோர் தாம் ஏற்ற உயிரின் இயல்புக்கேற்பச் சிந்திக்க வேண்டியிருத்தலின், பாத்திரமேற்கும் தன்மையின் வித்து இங்குள்ளது எனலாம். ஆயினும் இவற்றில் கதை இல்லை.

கூத்தும் நடத்துநரும்

கதையைத் தருவது கூத்து. பாரதக்கூத்தில் திரௌபதியின் சபதம் நிறைவேறும், துரியோதனன் வீழ்வான் என்பது அவையினர் அனைவரும் அறிந்ததே. அம்முடிவை மாற்றும் உரிமை எக்கலைஞருக்கும் இல்லை. எனினும் கட்டியக்காரன் கதைக்கும் ஊருக்கும் இடையில் நின்று, உள்ளூர்ச் செய்தியைப் புகுத்துவான். அவையின் மனநிலையறிந்து காட்சியை நீட்டுவான், சுருக்குவான். முடிவு நிலையானது, முடிவுக்குச் செல்லும் இரவு ஒவ்வோர் ஊரிலும் புதியது.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ், போர்ப் பயிற்சி ஆட்டத்தின் விதிகளையும் பகடையையும் பாத்திரமேற்றலோடு இணைத்தது. கூத்துக்கும் அதற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று கூறுவது பொருந்தாது. ஆனால் அமைப்பு ஒப்புமை கருதத்தக்கது. மேசையைச் சுற்றி அமர்ந்தோருள் ஒருவர் நடத்துநர். ஆடுவோர் எதிர்பாராத வழியில் திரும்பினால் அவர் கதையை அங்கேயே திருத்திப் புனைவார். கட்டியக்காரனின் பணிக்கு நிகரான பணி இது.

கணினிக்கு வந்த சிக்கல்

இவ்வாட்டம் கணினிக்குப் பெயர்ந்தபோது இழந்தது அந்நடத்துநரையே. உயிருள்ள நடத்துநர் அந்தந்த நேரத்தில் புனைவதைக் கணினி ஆட்டத்தில் முன்னரே எழுதி வைக்க வேண்டும். ஒரு கதையில் இரு கிளைத் தெரிவு பத்து முறை வருவதாகக் கொள்வோம். கிளைகள் மீண்டும் கூடாவிடின் 1,024 முடிவுகளை எழுத வேண்டும். ஆடும் ஒருவர் காண்பதோ அவற்றுள் ஒன்றை. உழைப்பும் செலவும் இதனை அனுமதிப்பதில்லை. எனவே ஆக்குவோர் மூன்று வழிகளைக் கைக்கொண்டனர்.

முதலாவது, பரமபத வழி. 2009இல் ஜப்பானில் வெளிவந்த ஃபைனல் ஃபேண்டசி 13 தன் கதையின் பெரும்பகுதியை ஒரே நடைபாதையில் செலுத்தியது; பதினோராம் இயலிலேயே பரந்த நிலம் விரிந்தது. ஆடுவோர் பலர் அதனைக் குறை கூறினர். இரண்டாவது, திறந்த வெளி வழி. 2017இல் வெளிவந்த செல்டா வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்டு என்னும் சாகச ஆட்டத்தில், தொடக்கப் பகுதியை முடித்தவர் விரும்பின் நேரே இறுதிப் பகைவனிடம் செல்லலாம். உரிமை பெரிது, கதை சொல்லும் ஒழுங்கு அந்த அளவுக்குத் தளர்கிறது. மூன்றாவது, தாய வழி: கிளை பிரிந்து முக்கிய நிகழ்ச்சிகளில் மீண்டும் கூடுதல். 2023இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 இதனை விரிவாகக் கையாண்டது. இருபது பக்கப் பகடை திரையிலேயே உருள்கிறது. தோல்வியும் கதையைத் தொடரச் செய்கிறது. பெல்ஜிய நிறுவனமான லாரியன் உருவாக்கிய இவ்வாட்டத்தின் பணியில் அதன் கோலாலம்பூர்க் கிளைக்கும் பங்குண்டு என்பது நம் மாணவர் அறிய வேண்டிய செய்தி.

வெண்பா

அதே 2023இல் கனடாவின் டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் 'வெண்பா' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாய் வெண்பா, சிதைந்த சமையற்குறிப்பேட்டைக் கொண்டு இட்டலி, புட்டு முதலியவற்றைச் சமைக்கிறாள். மகன் கவின் மொழியிலிருந்து விலகி வளர்கிறான். கதை ஏறத்தாழ நேர்கோடு. ஆடுபவர் அதன் போக்கைப் பெரிதும் மாற்ற இயலாது. அழிந்த வரிகளை ஊகித்து நிரப்புவதே அவர் பணி. பிள்ளை விலகுவதைத் தடுக்கும் பொத்தான் இல்லாமையே இவ்வாட்டத்தின் துயரம். அதுவே அதன் வலிமையும் ஆகும். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு இதற்கு அறிமுக ஆட்டத்திற்கான விருதை வழங்கியது.

பெயரும் பொருத்தமானது. வெண்பா யாப்புகளுள் கட்டுப்பாடு மிக்கது. வெண்டளையன்றிப் பிற தளை வாராது. ஈற்றடி மூன்று சீராகும். நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடியும். இவ்வளவு கட்டுக்குள்ளும் புலவர்கள் நூற்றாண்டுகளாகப் புதியன பாடிவந்துள்ளனர். கட்டு உரிமையின் பகையன்று என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால், நேர்கோடு, தெரிவு என்பவற்றுள் ஒன்று உயர்ந்தது மற்றொன்று தாழ்ந்தது என்னும் முடிவு பொருந்தாது என்பது புலனாகும். பரமபதத்தில் வழி மாறாது, பேச்சு மாறும். தாயத்தில் எண் மாறாது, காய் மாறும். கூத்தில் முடிவு மாறாது, இரவு மாறும். எதனை நிலைநிறுத்தி எதனை விடுவிப்பது என்பதே ஆக்குவோர் முன்னுள்ள வினா.

இவ்வறிவு ஏட்டில் இல்லை. வீட்டு விதிகளில் உள்ளது. உட்சுற்றில் வெட்டுப்பட்ட காய் எங்கிருந்து மீள வேண்டும் என்பதற்கு என் பாட்டியார் ஒரு விதி வைத்திருந்தார். அவர் மறைந்த பின் எங்கள் குடும்பத்தில் அதனை மூவர் மூன்று விதமாகச் சொல்கின்றனர். நானும் கேட்டு வைக்கவில்லை. அயல்நாட்டு நூலகங்களில் ஆண்டுக்கணக்கில் தேடிப் படித்த எனக்குச் சொந்த வீட்டுத் தரையில் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவரை வீட்டு முதியோரிடம் அனுப்பி, ஆட்டத்தின் பெயர், கட்டம், விதி, விலக்கு ஆகியவற்றை எழுதிவரச் செய்தல் வேண்டும். கோலாலம்பூரில் உலக ஆட்டங்கள் உருவாகும் காலம் இது. நாளை அங்கு அமரும் நம் மாணவர் கையில் தாயத்தின் விதிகளும் இருத்தல் நன்று.