தாத்தி பேசும் இரு சிற்றூர்கள்

ஈரானில் கஸ்வீன் நகருக்குத் தெற்கேயுள்ள சமவெளியில், பூயின் ஸஹ்ரா வட்டாரத்தில் அமைந்தவை சக்ஸாபாத், இப்ராஹிமாபாத் என்னும் ஊர்கள். 1950களில் இவை வேளாண்மையை நம்பிய சிற்றூர்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் பாரசீகமே மொழி. அண்டை ஊர்கள் பலவற்றில் துருக்கிய மொழி வழங்கியது. இவ்வூரார் வீட்டில் பேசியதோ தாத்தி. துருக்கிய மொழியினர் ஈரானிய மொழி பேசுவோரைக் குறிக்க வழங்கிய 'தாத்' என்னும் சொல்லே இப்பெயருக்கு அடிப்படை. பிறர் இட்ட பெயராதலின் அது மொழியின் இயல்பை உணர்த்துவதில்லை. காக்கசஸ் பகுதியில் தாத் எனப்படுவது பாரசீகத்துக்கு மிக நெருங்கிய வேறொரு மொழி. பெயரொற்றுமை கண்டு இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை.

எழுத்தாளர் ஜலால் ஆலெ அஹ்மத் இவ்விரு ஊர்களைப் பற்றிய தம் நூலை 1958இல் வெளியிட்டார். எஹ்ஸான் யார்ஷாத்தரின் தென் தாத்தி இலக்கணம் 1969இல் வெளிவந்தது. இவற்றுக்கு இடையே, 1962 செப்டம்பர் 1ஆம் நாள் இரவு, பூயின் ஸஹ்ரா நிலநடுக்கத்தில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மண்ணாலும் செங்கல்லாலும் கட்டிய வீடுகள் உறங்குவோர் மீது சரிந்தன. ஆகவே ஆலெ அஹ்மத் நிகழ்காலத்தில் விவரிக்கும் ஊர்வாழ்வு அவ்விரவுக்கு முற்பட்டது என்பதை அந்நூலை மொழிபெயர்ப்போர் மறத்தலாகாது.

இம்மொழியைச் சிதைந்த பாரசீகம் என எண்ணுவோர் உளர். இலக்கணம் அதற்கு இடந்தரவில்லை. தென் தாத்தியில் பெயர்கள் ஆண்பால், பெண்பால் எனப் பிரிகின்றன. தமிழிற்போல இது பொருள் நோக்கியது மட்டுமன்று. அஃறிணைப் பொருட்பெயர்களும் இப்பாகுபாட்டுக்கு உட்படும். நேர்வடிவம், வேற்றுமை வடிவம் என்னும் வேறுபாடும் உண்டு. இறந்தகாலத்தில், செயப்படுபொருள் குன்றா வினை வருமிடத்து, செய்பவரைக் குறிக்கும் பெயர் வேற்றுமை வடிவம் ஏற்க, செயப்படுபொருள் நேர்வடிவில் நிற்கும். இந்தியின் 'நே' உருபை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பாரசீகமோ பால் வேறுபாட்டை இடைக்காலப் பாரசீக நிலையிலேயே, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே, இழந்துவிட்டது. தாய் இழந்ததைச் சேய் மீளப் பெற்றதாகக் கொள்வதினும், இரண்டும் வெவ்வேறு கிளைகள் எனக் கொள்வதே இயல்பு. பாரசீகம் தென்மேற்கு ஈரானியக் கிளையையும் தாத்தி வடமேற்குக் கிளையையும் சார்ந்தவை.

துருக்கிய மொழி பரவுமுன் அஸர்பைஜானில் 'ஆஸரி' என்னும் ஈரானிய மொழி வழங்கியதென அஹ்மத் கஸ்ரவி 1925இல் எழுதினார். யார்ஷாத்தர் தாத்தியை அம்மரபின் எச்சமாகக் கருதினார். இக்கருத்து ஏற்புடையதே, எனினும் இன்றைய ஊர்ப்பேச்சைப் பண்டைய மீதிய மொழியாகவே காட்டுவது மிகை.

ஈரானியப் பொதுவழக்கில் இத்தகைய பேச்சு 'லஹ்ஜே' எனப்படுகிறது. மொழியியலார் சிலர் இதனினின்று 'கூயெஷ்' என்பதைப் பிரித்து, வேறுபாடு மிக்க பேச்சுக்கு வழங்குவர். 'லஹ்ஜே' என்பதை 'வட்டார வழக்கு' எனத் தமிழில் பெயர்த்தால், நெல்லைத் தமிழுக்கும் கோவைத் தமிழுக்கும் உள்ள உறவே வாசகர் மனத்தில் எழும். தாத்திக்கும் பாரசீகத்துக்கும் உள்ளதோ ஒரே குடும்பத்தின் தனித்தனி மொழிகளுக்கு உரிய உறவு. மூலத்தில் 'லஹ்ஜே' என்றிருப்பினும், இவ்விரு ஊர்களைக் குறிக்குமிடத்துத் 'தாத்தி மொழி' என்றே எழுதுவது பொருந்தும்.