உம்ராவ் சிங்கும் வெண்கலச் சிலுவையும்

காலாட்படையினர்க்கு அவர்தம் கொடி எத்துணை உயர்ந்ததோ, பீரங்கிப் படையினர்க்கு அவர்தம் பீரங்கி அத்துணை உயர்ந்தது. அதனைப் பகைவர் கையில் விட்டகல்வதைப் பெரும் பழியென அவர் கருதுவர். இம்மரபைத் தம் குருதியாற் காத்த ஒருவரின் வரலாற்றையும், அவர் பெற்ற பதக்கத்தின் பெருமையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

விக்டோரியா சிலுவை என்னும் பதக்கம் 1856-ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியாரால் ஏற்படுத்தப்பட்டது. பகைவர்முன் காட்டும் தலைசிறந்த வீரத்திற்கே அஃது உரியது. பிரிட்டிஷ் படைக்குரிய விருதுகளுள் அதனின் மேம்பட்டது வேறில்லை. ஆயினும் அது பொன்னால் ஆயதன்று. போரிற் கைப்பற்றிய பழம் பீரங்கிகளின் வெண்கலத்தால் ஆயது. அவை ருஷியரிடமிருந்து கொண்டவை என்பது மரபுரை. சீனப் பீரங்கிகளும் அவற்றுள் உண்டு என்பர் ஆய்ந்தோர். சாதாரணச் சிப்பாயும் பெறத்தக்கதாய் அமைந்த இப்பதக்கம், இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் 1911 வரையில் எட்டாததாகவே இருந்தது.

உம்ராவ் சிங் 1920-இல் பிறந்தவர். இப்பொழுது அரியானாவிலுள்ள ஜஜ்ஜர்ப் பகுதியைச் சேர்ந்த பல்ரா என்பது அவரூர். 1939-இல் பீரங்கிப் படையிற் சேர்ந்து ஹவில்தாராக உயர்ந்தார்.

1944 டிசம்பர் 15, 16 ஆகிய நாட்களில், பர்மாவின் கலாடன் பள்ளத்தாக்கில், மேற்காப்பிரிக்கப் படைக்குத் துணைநின்ற மலைப் பீரங்கி ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. ஜப்பானியர் ஒன்றரை மணி நேரம் குண்டுமாரி பொழிந்து, பின்னர் இரண்டு கம்பெனிக்குக் குறையாத வீரருடன் பாய்ந்தனர். முதற்றாக்கிலேயே கையெறிகுண்டுகளால் உம்ராவ் சிங் இருமுறை காயமுற்றார், எனினும் நிலைகுலைந்திலர். பதினைந்தடித் தொலைவில் வந்துவிட்ட பகைவரைத் தம் பீரங்கியின் கேடயத்தின்மேல் இயந்திரத் துப்பாக்கியை வைத்துச் சுட்டு விலக்கினார். இவ்வாறு நான்கு முறை பகைவர் பின்னிட்டனர். அதற்குள் அவரும் வேறிருவரும் ஒழிய, அவர் குழுவினர் அனைவரும் மாண்டனர் அல்லது புண்பட்டனர்.

இறுதித் தாக்கு வந்தபோது வெடிமருந்து தீர்ந்துவிட்டது. அப்பொழுது அவர் கையில் எஞ்சியது யாது? பீரங்கியைத் தூக்கிச் சுமத்தற்குரிய தடி ஒன்றே! அதனை ஓங்கிக் கைகலந்து, மூவரை வீழ்த்தித் தாமும் உணர்விழந்து வீழ்ந்தார். ஆறு மணி நேரம் கழித்து நம் படையார் அவ்விடத்தை மீட்டபோது, ஏழு கொடும் புண்களுடன் பீரங்கியருகே கிடந்தார். அவரைச் சூழப் பகைவர் பதின்மர் மாண்டு கிடந்தனர். அப்பீரங்கி அன்றே மீண்டும் முழங்கிற்று. 1945-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இலண்டனில் அவர்க்கு விக்டோரியா சிலுவையை அணிவித்தார்.

சுதந்திர இந்தியாவின் படையிலும் பணிபுரிந்து ஓய்வுபெற்றார், கௌரவ காப்டன் என்னும் அதிகாரிப் பதவியும் பெற்றார். பின்பு இரண்டு ஏக்கர் நிலத்தை உழுது எளிய வாழ்வு நடத்தினார். அப்பதக்கத்தை விற்றிருப்பின் பெரும்பொருள் கிட்டியிருக்கும். அவரோ இசைந்திலர், போரில் மாண்ட தோழர்தம் மானத்திற்கு அது மாசாகும் என்றார். பதக்கத்திற்குரிய உதவித்தொகை மிகச் சிறிதாயிருத்தலை 1995-இல் பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜரிடம் நேரே எடுத்துரைத்தார். அதன்பின் அத்தொகை உயர்த்தப்பட்டது. 2005-இல் அவர் உயிர்நீத்தார்.

உரிமையைக் கேட்டற்கு அவர் நாணிலர். பதக்கத்தை விற்றற்கே நாணினார். தம் மார்பில் தொங்கியதாயினும், அப்பீரங்கியைச் சூழ மடிந்தார் அனைவர்க்கும் அதிற் பங்குண்டு என்பதை அவர் மறந்திலர். முன்னோர் ஈட்டிய பெருமையைப் பேணுவார் யாவரும் உளங்கொள்ளத் தக்க உண்மை இது.