ஒன்று விழுந்தால் மற்றொன்று எழ வேண்டும்: சுனாமியிலிருந்து ஒரு கணினி வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

2004 டிசம்பர் 26. நமது பெரியநீலாவணை தொடங்கிக் கரையோரமெங்கும் உயிர்களோடு கடதாசிகளும் போயின. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பாடசாலை இடாப்பு எதுவும் மிஞ்சவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம். யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை என்பதை ஒரே இடத்தில் பார்க்க வழியிருக்கவில்லை.

அப்போது நம் நாட்டுக் கணினித் தொண்டர்கள் எழுதியதுதான் 'சஹனா'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதைத் திறந்த மூல மென்பொருளாக வளர்த்தது. அதாவது யாரும் காசின்றி எடுக்கலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். அதனால்தான் 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010 ஹெயிட்டியிலும் அது கைகொடுத்தது.

ஆனால் பதிவுகளை வைத்திருக்கும் சேவரே விழுந்தால்? இதற்கும் திறந்த மூல உலகம் 1990களின் இறுதியிலேயே விடை தேடியது. அலன் ராபர்ட்சன் முன்னின்ற லினக்ஸ்-எச்.ஏ. திட்டத்தின் 'ஹார்ட்பீட்' பெயருக்கேற்ற வேலை செய்தது. இரண்டு சேவர்கள் விடாமல் "நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளும். ஒன்றின் துடிப்பு நின்றால் மற்றது பொறுப்பேற்கும். அதன் வழிவந்ததே இன்றைய 'பேஸ்மேக்கர்'. எழுதுவதை அப்போதைக்கப்போதே மற்ற சேவரிலும் பிரதி செய்யும் 'டி.ஆர்.பி.டி.' 2010இல் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்தது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. அதிபர் பாடசாலையில்தான் இருக்கிறார், தொலைபேசி மட்டும் வேலை செய்யவில்லை. பிரதி அதிபர் "அவர் வரவில்லை" என்று நினைத்துத் தானும் கையொப்பமிட்டால் என்ன நடக்கும்? சேவர்களிலும் அதே குழப்பம்தான். ஆகவே பொறுப்பேற்குமுன் பழைய சேவரின் மின்சாரத்தையே துண்டிப்பார்கள், அல்லது மூன்றாவதொன்றின் வாக்கைக் கேட்பார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மாற்று சேவர் வேறு, காப்புப் பிரதி வேறு. ஒன்றில் அழிந்தது மற்றதிலும் அப்படியே அழியும். 2023 ஓகஸ்டில் நம் அரசாங்க மேகக் கணினியைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியபோது, இணைப்பிலிருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகளின் மூன்று மாதத் தரவுகள் போயின. அங்கிருந்த மின்னஞ்சல் மென்பொருளும் காலாவதியான பதிப்பு.

எனவே மென்பொருள் தெரிவுசெய்வோர் விலையை மட்டும் கேட்காதீர்கள். இன்றும் திருத்தம் வருகிறதா? பழுதானால் பார்க்க நம் பகுதியில் ஆளுண்டா? வயரைக் கழற்றிச் சோதித்தீர்களா? இவற்றையும் கேளுங்கள்.

நம் பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் இரண்டு சேவர் தேவையில்லை. ஆனால் பதிவுகளின் ஒரு பிரதி, இணையத்தில் தொடுக்காமல், கரையிலிருந்து தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் நிர்வாகத்தின் பிரதி இன்று எங்கே இருக்கிறது? கேட்டுப் பாருங்கள்.