கரிசல் நிலத்தில் சாலைச் சைக்கிளோட்டம்

சாலைச் சைக்கிளோட்டம், தார்ச்சாலையில் நெடுந்தூரம் விரைந்து செல்வதற்கென்றே அமைந்த எடை குறைந்த மிதிவண்டியை உடற்பயிற்சிக்காகவும் மனமகிழ்வுக்காகவும் ஓட்டும் பொழுதுபோக்கு. வேலைக்கும் பள்ளிக்கும் சைக்கிள் மிதிப்பது தென்தமிழ்நாட்டில் பல தலைமுறைப் பழக்கம். 1949-இல் தொடங்கப்பட்ட சென்னை அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை ஊர்தோறும் கொண்டுசேர்த்தது. 2011-இல் மான்ட்ரா என்ற பெயரில் விளையாட்டு வகைச் சைக்கிள்களையும் விற்கத் தொடங்கியது. கேரியரும் ஸ்டாண்டும் சேர்த்து 20 கிலோ அளவுக்கு எடையுள்ள பழைய பெரிய சைக்கிளுக்கும், 8 முதல் 11 கிலோ எடையில் வளைந்த ஹேண்டில்பாரும் பல கியர்களும் கொண்ட சாலைச் சைக்கிளுக்கும் உருவம் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஓட்டும் முறை வேறு.

கரிசல் மண் பரந்த விருதுநகர் மாவட்டம் சாலைச் சைக்கிளோட்டத்துக்குப் பெரிதும் ஏற்ற நிலம். மேற்கே மலையடிவாரம் தவிர மற்ற பகுதி ஏறத்தாழச் சமதளம். மழை குறைவு, பெய்வதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசியில் வேரூன்றக் காரணமான அதே வறண்ட வானிலைதான் ஓட்டுநருக்கும் ஆண்டின் பெரும்பகுதியில் காய்ந்த சாலையைத் தருகிறது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி மூன்றையும் இணைக்கும் முக்கோணச் சுற்று ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஒரு விடுமுறைக் காலைக்குப் போதுமானது. சிவகாசியிலிருந்து மேற்கே திருவில்லிபுத்தூர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்பு, பிளவக்கல் அணை வரை செல்லும் சாலையில் மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் கண்முன் நிற்கும். மாவட்டத்தின் மிக அழகிய சைக்கிள் பாதை இதுவே எனலாம்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் போட்டி வீரர்களின் வண்டிகளைப் பார்த்து முடிவெடுப்பது இந்நிலத்துக்குப் பொருந்தாது. உலகப் போட்டிகளில் வண்டியின் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ என்பது விதி. அந்த எல்லையை நெருங்கப் பெருந்தொகை செலவாகும். எடைக் குறைப்பின் பயன் மேட்டில்தான் தெரியும். சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் உழைப்பில் முக்கால் பங்கு அளவு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. ஒரு கிலோ குறைந்தாலும் அங்கே வேறுபாடு அரிதாகவே புலப்படும். அலுமினிய ஃபிரேமும் கார்பன் ஃபோர்க்கும் கொண்ட நடுத்தர வண்டி இங்கே தாராளமாகப் போதும். முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரு பற்சக்கரங்களும் பின்னால் 11 முதல் 28 பற்கள் வரையிலான தொகுதியும் சமதளத்துக்கும் அணைக்கரை ஏற்றத்துக்கும் ஈடுகொடுக்கும். ஷிமானோவின் 8 கியர் கிளாரிஸ், 9 கியர் சோரா ஆகிய வரிசைகள் தொடக்கநிலை ஓட்டுநருக்கு ஏற்றவை.

டயரில்தான் உண்மையான கவனம் தேவை. கரிசல் காட்டின் சாலையோரமெங்கும் சீமைக்கருவேலம் வளர்ந்து கிடக்கிறது. கரி மூட்டத்துக்கு வெட்டி ஏற்றிச் செல்லும் விறகிலிருந்து உதிரும் முள் தார்ச்சாலை விளிம்பில் சிதறிக் கிடக்கும். 23 அல்லது 25 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய பந்தய டயரை அது எளிதில் துளைத்துவிடும். உட்புறம் பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த 28 முதல் 32 மில்லிமீட்டர் டயர் தக்கது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் 70 பி.எஸ்.ஐ. அளவு காற்று போதும். ட்யூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் முள் துளையைத் தானே மூடிக்கொள்ளும். சாலைச் சைக்கிள் ட்யூப்களில் பெரும்பாலும் மெலிந்த பிரெஸ்டா வால்வுதான் இருக்கும். ஊர்ப்புற பஞ்சர் கடையின் காற்றுக்குழாய் அதில் பொருந்தாது. அதற்கான சிறிய பித்தளை அடாப்டர், மாற்று ட்யூப், டயர் நெம்பி, கைப்பம்பு ஆகியவை இல்லாமல் ஊரைத் தாண்டுவது நல்லதல்ல. முள்ளை டயரிலிருந்து முழுவதும் பிடுங்காமல் புது ட்யூப் போட்டால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடியும் காற்று இறங்கும்.

கரிசல் மண் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போட்ட கிராமச் சாலைகள் அலைபோல மேடுபள்ளமாகிவிடுவதற்கு இதுவே காரணம். அகல டயர் இங்கே உடலையும் காப்பாற்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் இழுபட்டுக் கிடக்கும் கரிசல் சேறு டயரோடு ஒட்டிக்கொண்டு பிரேக்குக்கும் ஃபோர்க்குக்கும் இடையில் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே தாராள இடைவெளி விட்ட, டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு.

வண்டி உடலுக்குப் பொருந்தாவிட்டால் எந்தப் பயிற்சியும் நிலைக்காது. கால்களின் உள்நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம் வரையான உயரம் கிடைக்கும். 80 சென்டிமீட்டர் காலுக்கு 70.6 சென்டிமீட்டர். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும்.

திறனை வளர்ப்பதில் தொடக்க நிலையினர் பலர் ஒவ்வொரு நாளும் மூச்சிரைக்க மிதித்துச் சோர்ந்துபோகிறார்கள். பயிற்சி நேரத்தில் பெரும்பங்கு, இடையூறின்றிப் பேசக்கூடிய அளவு மிதமான ஓட்டமாக இருப்பதே நல்லது. இதயமும் தசையின் நுண்குழாய்களும் அதில் வளர்கின்றன. வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் 4 முதல் 8 நிமிடக் கடும் முயற்சிகளை இடைவெளி விட்டு நான்கைந்து முறை செய்தால் போதும். உச்ச இதயத் துடிப்பை அறிய 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு தோராயமானது; 208-இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிப்பது சற்று மேல். கால்கள் நிமிடத்துக்கு 80 முதல் 95 சுற்று மிதிக்கப் பழக வேண்டும். முன்னால் 50 பல், பின்னால் 17 பல் வைத்து 90 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர்.

மலையில்லாத குறையை இங்கே காற்று ஈடுசெய்கிறது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வீசும் காற்று கடுமையானது. மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்பவர் 15 கிலோமீட்டர் எதிர்க்காற்றைச் சந்தித்தால் காற்றின் தடை 2.25 மடங்காகும், அதே வேகத்தில் செல்ல முடியாது. ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து முதுகைத் தாழ்த்துவதும், குழுவாகச் சென்று முறைவைத்து முன்னால் மிதிப்பதும் இதற்கான வழிகள். முன்னவர் பின்னால் ஒட்டிச் செல்பவருக்கு உழைப்பு கால் பங்குக்கு மேல் குறையும். இம்மாதங்களில் முதலில் மேற்கே திருவில்லிபுத்தூர்ப் பக்கம் சென்றால், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். மாவட்டத்துக்குள் மலையைக் கடக்கும் தார்ச்சாலை இல்லாததால், உண்மையான ஏற்றம் வேண்டுவோர் செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக்கோ, வத்தலக்குண்டிலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கோ செல்ல வேண்டும்.

வெயிலே இவ்வட்டாரத்தின் பெரிய சோதனை. வறண்ட காற்றில் வியர்வை தோன்றியவுடன் ஆவியாவதால் நீர் இழப்பு தெரிவதில்லை. உடல் எடையில் 2 விழுக்காடு நீர் குறைந்தாலே திறன் தளரும். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் நீரும் அதில் சிறிது உப்பும் வேண்டும். உப்பிட்ட நீர்மோரும் நல்ல பானம். சித்திரை, வைகாசியில் ஐந்து மணிக்குப் புறப்பட்டு எட்டரைக்குள் வீடு சேர்வது பாதுகாப்பு. வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. வாழைப்பழமும் கருப்பட்டியும் இதற்குச் சிறந்தவை. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நிதானமான நெடும்பயணத்துக்குப் பொருந்தும். கடலையின் கொழுப்பு மெதுவாகச் செரிப்பதால் கடும் முயற்சியின் நடுவே அது வயிற்றில் தங்கிவிடும். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை ஓட்டம் முடிந்தபின் உண்பதே சரி.

பட்டாசு ஆலைகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வேன்களும் பேருந்துகளும் காலை நேரத்தில் சிவகாசியைச் சுற்றிய குறுகிய சாலைகளில் விரையும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சரக்கு லாரிகளோடு, சாலையோரப் பட்டாசுக் கடைகளின் முன் திடீரென நிற்கும் வெளியூர்க் கார்களும் சேரும். அந்நாட்களில் அருப்புக்கோட்டைப் பக்கம் ஓட்டுவது மேல். நான்குவழிச் சாலையான தேசிய நெடுஞ்சாலை 44-இல் இடது ஓரத்தை ஒட்டியே செல்ல வேண்டும். எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களை எப்போதும் எதிர்பார்க்க வேண்டும். தலைக்கவசமும் பகலிலும் எரியும் பின்விளக்கும் கட்டாயமெனக் கொள்ளத் தக்கவை.

தனி ஓட்டத்தில் தேர்ந்தவர்களின் அடுத்த கட்டம் பிரெவே எனப்படும் காலவரையறைப் பயணம். இது பந்தயமல்ல, முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 300-ஐ 20 மணியிலும், 400-ஐ 27 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும். இந்தியாவில் இவற்றை ஆடாக்ஸ் இந்தியா ரேண்டோனர்ஸ் அமைப்பு நெறிப்படுத்துகிறது. நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்துக்கு இந்நான்கு தூரங்களையும் முடித்திருப்பது தகுதி. விருதுநகரிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி சென்று திரும்பினால் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஓய்வையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரி காத்தால் 200 கிலோமீட்டரை வரையறைக்குள் முடிக்கலாம். இரவில் ஓட்டுவோருக்கு முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி எதிரொளிக்கும் மேலாடை ஆகியவை பிரெவே விதிப்படி கட்டாயம்.